ஒரு தொழிலை உள்ளிருந்து காட்டும் தமிழ் நாவல்கள்: உங்கள் பரிந்துரைகள் எவை?

பொருநைக்கரையான்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். குடும்பக் கதைகளையும் அரச வம்சக் கதைகளையும் நம்மில் பலர் போதுமான அளவுக்குப் படித்துவிட்டோம். நான் இப்போது தேடுவது வேறு வகை நூல்கள். ஒரு மனிதர் விடியற்காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போகிறார், அந்த வேலையில் எந்தக் கருவியைப் பிடிக்கிறார், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, உடம்பில் எந்த உறுப்பு முதலில் தேய்கிறது என்பதையெல்லாம் அறிந்து எழுதப்பட்ட நாவல்களை நீங்கள் பரிந்துரைக்க வேண்டும். நாயகன் நெசவாளி என்று முதல் அத்தியாயத்தில் அறிவித்துவிட்டு, அதன்பின் தறிப்பக்கமே போகாமல் காதலையும் பாகப்பிரிவினையையும் மட்டும் சொல்லிச் செல்லும் நூல்கள் வேண்டாம்.

தொடக்கமாக நான் முன்வைப்பது அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. திரைப்படத் தொழிலைப் பற்றிய நாவல் என்றால் நட்சத்திரங்களின் அந்தரங்கம் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வண்டிகளையும் ஆட்களையும் சாப்பாட்டையும் ஏற்பாடு செய்யும் தயாரிப்பு நிர்வாகியின் பதற்றத்தில்தான் கதை தொடங்குகிறது. ஒருவர் முன்னால் வருகிறார், சில பக்கங்களில் பின்னால் போய்விடுகிறார், அடுத்தவர் வருகிறார். கதைக்கு நாயகன் என்று எவரும் இல்லாமல் இருப்பதே அந்தத் தொழிலின் இயல்பு என்று நமக்குப் புரியும்போது நாவலும் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதால், அலுவலக அறையின் வெக்கைகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அளத்துக்காரி

இந்தக் கேள்விக்கு என்னிடமிருந்து வரக்கூடிய பதில் ஒன்றுதான்: ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி 1979இல் வெளிவந்த நாவல் இது. என் ஆச்சியும் பெரியம்மாவும் அளத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதால், இந்த நூலைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கையில் எடுத்தேன். பாத்தி மிதிப்பது, வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பது, பாத்திகளை ஒட்டிய தட்டுமேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது, அம்பாரமாக (பெருங்குவியலாக) உப்பைக் குவிப்பது ஆகிய அனைத்தும் எந்த வரிசையில் நடக்குமோ அந்த வரிசையில் நாவலில் நடக்கின்றன. உப்பு விளைவதற்கு மழையில்லாத வெயில் வேண்டும். அந்த வெயில்தான் வேலை செய்பவரின் கண்ணைக் கெடுக்கிறது, காலை வெடிக்கச் செய்கிறது. மழை வந்தால் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும், ஆனால் கூலி நின்றுவிடும். இந்த முரணை ஆசிரியர் எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. பொன்னாச்சி என்ற பெண் அளத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கும் நாளிலிருந்து அவள் உடம்பின் மூலமாகவே அதை நாம் அறிந்துகொள்கிறோம். கங்காணிகளுக்கும் கணக்கப்பிள்ளைகளுக்கும் முன்னால் இளம்பெண்கள் படும் அவமானத்தையும் அவர் மறைக்கவில்லை.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’. அது வேதாரண்யம் பகுதியைச் சார்ந்தது. கணவன் கடல் கடந்து போய்விட, மூன்று பெண்பிள்ளைகளோடு தனித்து நிற்கும் சுந்தராம்பாளின் கதை. தூத்துக்குடியின் பெரிய அளங்களில் இருக்கும் முதலாளி, கங்காணி என்ற அடுக்குகளைவிட, பஞ்ச காலத்தில் ஒரு குடும்பம் எதையெல்லாம் உண்டு உயிர் பிழைக்கிறது என்பதில்தான் அந்த நாவலின் கவனம் இருக்கிறது. இரண்டும் உப்பைப் பற்றியவை என்றாலும், ஒன்றைப் படித்துவிட்டதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது.

மறுவாசிப்பு

‘கரிப்பு மணிகள்’ பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ராஜம் கிருஷ்ணனின் உழைப்பை மதிக்கிறேன். நீலகிரியின் படகர்களைப் பற்றிக் ‘குறிஞ்சித்தேன்’, மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க்கரையில்’, சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக்குஞ்சுகள்’, தஞ்சை விவசாயக் கூலிகளைப் பற்றிச் ‘சேற்றில் மனிதர்கள்’ என்று ஒவ்வொரு களத்துக்கும் நேரில் போய், மக்களோடு பழகித் தகவல் திரட்டி எழுதியவர் தமிழில் அவரைப்போல் வேறு எவரும் இல்லை. ஆனால், திரட்டிய தகவல் எதையும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் அவருடைய நாவல்களுக்குச் சுமையாகிவிடுகிறது. இரண்டு பாத்திரங்கள் பேசத் தொடங்கினால், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை நமக்காக ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். பிற்பகுதியில் சங்கத்தின் துண்டறிக்கையில் இருக்க வேண்டிய வாக்கியங்கள் மனிதர்களின் வாயிலிருந்து வருகின்றன.

தொழிலுக்குள் பிறந்து வளர்ந்தவர் எழுதினால் இப்படி நேராது என்பது என் எண்ணம். உவரியில் பிறந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தபோது, அதுவரை கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ் நாவல் முதன்முறையாகக் கட்டுமரத்தில் ஏறிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. காற்றின் திசை, நீரோட்டம், எந்தப் பருவத்தில் எந்த மீன், எந்த மீனுக்கு எந்த வலை என்ற அறிவு அதில் விளக்கமாக வருவதில்லை. அந்த அறிவு இல்லாதவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பதால் அது கதையின் முடிச்சாகவே வருகிறது. புயலில் சிக்கி நடுக்கடலில் மிதக்கும் மூவரின் நிலையை இடையிடையே காட்டியபடி, 1930களிலிருந்து 1980கள் வரையிலான ஆமந்துறையின் வாழ்க்கையை அவர் சொல்லிச் செல்லும் முறையும் அந்தத் தொழிலிலிருந்தே பிறந்தது போல இருக்கிறது.

பழநூலகன்

மறுவாசிப்பு அவர்களின் வாதத்தில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ள முடிகிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை அவர் எங்கே வைப்பார் என்று அறிய விரும்புகிறேன். 1977இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலை எழுதியவர் திருநெல்வேலிக்காரர். கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். வலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் கிடைக்கும் நுட்பங்களில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. ஆனாலும் ஒரு தொழில் அழியும்போது என்ன நடக்கும் என்பதை அதைப்போல் சொன்ன நூல்கள் குறைவு. வல்லம் என்ற நாட்டுப்படகில் போகிறவர்களுக்கும் லாஞ்சி என்ற விசைப்படகில் போகிறவர்களுக்கும் இடையே மூளும் பகை, பள்ளி ஆசிரியராக வேலை பார்க்கும் மகன் வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கும்போது குரூஸ் மைக்கேலுக்கு வரும் தவிப்பு ஆகியவற்றை எழுத, எந்த மீனுக்கு எந்த வலை என்ற பட்டியல் அவருக்குத் தேவைப்படவில்லை.

எனவே உள்ளிருப்பவர், வெளியிலிருப்பவர் என்ற பிரிவினையைக் காட்டிலும் வேறொரு அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தத் தொழிலை எடுத்துவிட்டு வேறொரு தொழிலை அங்கே வைத்தால் கதை அப்படியே நிற்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் அது தொழில் நாவல் அன்று. ‘கடல்புரத்தில்’ நிற்காது. ‘கரிப்பு மணிகள்’ நாவலும் நிற்காது.

அதே அளவுகோலில் தேறும் இன்னொரு நூலையும் சொல்லிவிடுகிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளை ஒன்றையும், அதைச் சொந்தமாக வைத்திருக்கும் பழம்பெருமை பேசும் வீட்டையும், அந்த மரங்களில் ஏறும் பனையேறிக் குடும்பத்தையும் பற்றிய கதை. ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஆசிரியர், பனையேறப் பயன்படும் முருக்குத்தடியையும் தளைநாரையும் கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பையும் பற்றி நமக்குப் பாடம் எடுக்கவில்லை. பனையேறி ஒருவன் தன் வீட்டுக்கு மருமகனாக வரலாமா என்ற ஒரே கேள்வியில் அந்தத் தொழிலுக்குச் சமூகம் கொடுத்திருந்த இடத்தை முழுவதுமாகக் காட்டிவிடுகிறார். மிகச் சிறிய நூல். ஒரு நீண்ட ரயில் பயணத்தில் படித்து முடித்துவிடலாம்.

மறுவாசிப்பு

உங்கள் அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதன்படி பார்த்தாலும் ‘புத்தம் வீடு’ சற்றுத் தடுமாறும். அங்கே பனையேறிக்குப் பதிலாகக் குயவர் மகனை வைத்தாலும் லிஸியின் காதலுக்கு வரும் இடர் ஏறத்தாழ இதே இடராகத்தானே இருக்கும்? நல்ல நாவல் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இந்த இழைக்கு உரிய நாவலா என்பதில்தான் ஐயம்.

நூற்கண்டு

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பனியன் தொழிலைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் பலரும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ என்றுதான் சொல்வார்கள். ஐந்து நண்பர்கள் பள்ளியை விட்டு வெளியே வரும் காலத்திலிருந்து, அவர்கள் தொழிலில் ஏறுவதையும் இறங்குவதையும் ஊரின் வளர்ச்சியோடு சேர்த்துச் சொல்லும் பெரிய நாவல். உள்ளூர்ச் சந்தைக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், ஏற்றுமதி ஆர்டர் என்ற பெயரில் இரவையும் பகலையும் ஒன்றாக்கிக்கொண்ட காலகட்டத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதிய வேறு புனைவு எனக்குத் தெரிந்து இல்லை. தையல்காரருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் பவர் டேபிள் என்ற மின் தையல் மேசையில் உட்காருவதும், அங்கிருந்து கான்ட்ராக்ட் எடுப்பதும், பிறகு சொந்தமாக நான்கு மெஷின் போடுவதும் இங்கே ஒவ்வொரு தெருவிலும் நடந்த கதைகள்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாவலின் ஆண்கள் தொழிலில் வெற்றி பெறத் தொடங்கியதும், நாவல் தொழிற்கூடத்தை விட்டு அவர்களுடைய இச்சைகளின் பின்னால் போய்விடுகிறது. அது ஆசிரியரின் தேர்வு, அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் செக்கிங் மேசையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களின் பக்கத்திலிருந்து இதே ஊரைப் பார்க்கும் ஒரு நாவலை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

துணித் தொழில் என்ற வரிசையில் இதற்கு மூத்தது சிதம்பர ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’. 1953இல் வெளிவந்த நாவல். நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுபோன காலத்துக் கைத்தறி நெசவாளர்களின் பட்டினியைப் பேசுகிறது. செக் மொழிக்குப் போன தமிழ் நாவல் என்ற பெருமையும் அதற்கு உண்டு. பொருநைக்கரையான் அவர்கள் தறியே வராத நெசவாளர் கதை வேண்டாம் என்றார்; இது தறி ஓடாததைப் பற்றிய நாவல் என்பதால் விதிவிலக்கு அளிப்பார் என நம்புகிறேன்.

பொருநைக்கரையான்

விதிவிலக்குத் தாராளமாக அளிக்கப்படுகிறது. ரகுநாதன் எங்கள் திருநெல்வேலிக்காரர் என்பதை இதற்குக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டெப்போ வாசகர்

உள்ளிருந்து எழுதுவது குறித்து மேலே நடந்த விவாதத்துக்குப் பொருத்தமான நூல் ஒன்று என்னிடம் உள்ளது. கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில்நுட்பப் பணியாளராக வேலை பார்த்தவர். அவருடைய ‘நெடுஞ்சாலை’ நாவலில் ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளி ஆகிய மூன்று தற்காலிகப் பணியாளர்கள் வருகிறார்கள். நாம் ஏறி இறங்கும் பேருந்தைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை அந்த நாவல் உணர்த்திவிடும். வேலை நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்ற நிலையில், ஒரு நாளைக்கு வண்டி கிடைக்குமா என்று விடியற்காலையிலேயே பணிமனை வாசலில் வந்து நிற்பவர்களின் கதை அது. வசூல் குறைந்தால் நடத்துநருக்கு வரும் கேள்வி, டீசல் கூடுதலாகச் செலவானால் ஓட்டுநருக்கு வரும் கேள்வி, பழுது பார்த்த வண்டி வழியில் நின்றால் பணிமனைக்கு வரும் கேள்வி என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் குற்றம் சாட்டும்படியாக அமைந்த ஓர் ஏற்பாட்டுக்குள் இந்த மூவரின் நட்பு எப்படி நிற்கிறது என்பதுதான் கதை. விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுப் பேச்சு வழக்கில் எழுதப்பட்டிருப்பதால் முதல் சில பக்கங்கள் புதியவர்களுக்குக் கடினமாக இருக்கலாம். அகராதியைத் தேடாமல் தொடர்ந்து படித்தால் காது பழகிவிடும்.

மலைநாட்டு வாசகி

தேயிலையை எவரும் இன்னும் தொடவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவல் 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் அது ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் கிடைக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும், கையில் வாங்கிய முன்பணத்தை அடைக்கவே முடியாமல் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள். ‘பரதேசி’ திரைப்படத்துக்கு மூலம் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். படத்தைப் பார்த்தவர்கள் நாவலையும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முன்பணக் கணக்கு எப்படி வளர்கிறது, மலேரியாவும் பனியும் ஆட்களை எப்படிக் கொண்டுபோகின்றன, பிணத்தையும் எண்ணிக்கையாகவே பார்க்கும் தோட்ட நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்பதையெல்லாம் ஒரு மருத்துவரின் கண் நிதானமாகப் பார்த்திருக்கிறது.

மறுவாசிப்பு அவர்கள் சொல்லும் உள்ளிருப்பவர் வரிசையில் டேனியலைச் சேர்க்க முடியாது. அவர் தொழிலாளி அல்லர். ஆனால் தோட்டத்துக்குள்ளேயே இருந்தவர். தொழிலாளியும் துரையும் ஒரே மருத்துவரிடம்தான் போயாக வேண்டும் என்பதால், இருவரையும் பார்க்கக்கூடிய இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. கொழுந்து பறித்த ஒருவர் எழுதியிருந்தால் துரையின் பங்களாவுக்குள் நடப்பதை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

நெடுந்தீவான்

இலங்கையிலிருந்து இரண்டு நூல்களைச் சேர்க்க விரும்புகிறேன். மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிக் கோகிலம் சுப்பையா எழுதிய ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்படும் குடும்பம் தோட்டத்து லயத்தில் (வரிசைக் குடியிருப்பில்) தலைமுறைகளைக் கழிப்பதைச் சொல்லும் நாவல். ‘எரியும் பனிக்காடு’ படித்தவர்கள் இதையும் படித்தால், ஒரே வகையான கங்காணி முறை பாக்கு நீரிணையின் இரு கரையிலும் எப்படி வேர்விட்டது என்பது தெளிவாகும்.

மற்றொன்று செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. 1973இல் வந்தது. வாடைக்காற்று வீசும் பருவத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அமைத்துத் தொழில் செய்யும் வெளியூர் மீனவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையே எழும் உறவும் மோதலும்தான் கதை. ஆசிரியர் புவியியல் படித்தவர். அரச நிர்வாகப் பதவிகளில் இருந்தவர். அதனால் மறுவாசிப்பு அவர்கள் இவரையும் வெளியாள் என்று சொல்லக்கூடும். ஆனால் காற்றையும் கரையையும் பருவத்தையும் அவரைப்போலக் கதையின் இயக்கத்தோடு பிணைத்தவர்கள் எங்கள் நாட்டில் அதிகம் இல்லை. அச்சுப் பிரதி தமிழகத்தில் கிடைப்பது கடினம் என்றால் ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஈழத்துப் பதிப்புகள் பலவும் அங்கே மின்வடிவில் உள்ளன.

பால்மரம்

மலேசிய வாசகன் என்ற முறையில் மூன்று நூல்களைக் குறிப்பிடுகிறேன். முதலாவது அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’. அவர் மலேசியாவுக்குப் பயணம் வந்து சென்றபின் எழுதியது. எங்கள் தோட்டத்து மக்கள்மீது அவருக்கு இருந்த பரிவு உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆயினும் அது விருந்தாளியின் பரிவு. இருட்டோடு எழுந்து வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் பால் வடிந்துவிட வேண்டும் என்பதற்காக மரத்துக்கு மரம் ஓடுகிறவரின் மூச்சு அதில் கேட்கவில்லை. தோட்டத்திலேயே வளர்ந்த சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலில் அந்த மூச்சு கேட்கிறது. கதையோட்டத்தை நேர்கோட்டில் எதிர்பார்ப்பவர்களுக்கு அது சற்றுச் சிரமம் தரும்.

மூன்றாவது ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 1942, 1943 ஆண்டுகளில் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். போர்க்கைதிகளான ஆங்கிலேயரையும் ஆஸ்திரேலியரையும் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. அவர்களோடு சேர்ந்து மண் வெட்டிய, காட்டை அழித்த, காலராவிலும் பட்டினியிலும் இறந்துபோன தமிழர்களைப் பற்றி எழுதப்பட்ட நாவல்கள் சிலவே. இதைத் தொழில் நாவல் என்று சொல்லலாமா என்ற கேள்வி வரலாம். கூலி என்ற பெயரில் ஏதோ கொடுக்கப்பட்டது. ஆனால் விட்டுவிட்டுப் போகும் உரிமை இல்லை. அந்த வேறுபாட்டை யோசிப்பதற்காகவே இதை இந்த இழையில் சேர்க்கிறேன்.

அளத்துக்காரி

பால்மரம் அவர்கள் ‘விருந்தாளியின் பரிவு’ என்று சொன்னதைப் படித்தபின் மறுவாசிப்பு அவர்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. உள்ளிருப்பவர்தான் எழுத வேண்டும் என்ற விதியை வைத்தால், எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் செய்யப்பட்ட தொழில்களைப் பற்றி ஒரு தலைமுறை முழுவதும் எதுவுமே எழுதப்பட்டிருக்காது. என் ஆச்சி கையெழுத்துப் போடத் தெரியாதவர். அவர் நாவல் எழுதும்வரை காத்திருப்பது என்றால், 1970களின் தூத்துக்குடி அளங்களில் பெண்களுக்கு நிழலும் குடிதண்ணீரும் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதை இன்றைய வாசகர் புனைவில் எங்கே தேடுவார்? அளத்துக்காரியின் பேத்தியாகிய நான் இன்று இங்கே தட்டச்சு செய்கிறேன் என்றால், உள்ளிருந்து எழுதுவதற்கு மூன்று தலைமுறைகள் தேவைப்பட்டிருக்கின்றன என்றுதானே பொருள்.

துண்டறிக்கை வாக்கியங்கள் பற்றிய உங்கள் குறை நியாயமானது. அதை நானும் சில பக்கங்களில் உணர்ந்தேன். ஆனால் அதே காலத்தில் அந்த ஊரில் தொழிலாளர்கள் சங்கக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டும், மேடைப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டும்தான் இருந்தார்கள். அவர்களுடைய பேச்சில் மேடை வாக்கியங்கள் கலந்திருந்தது செயற்கை அன்று. என் பெரியப்பா வீட்டில் சோறு கேட்பதைக்கூடக் கோரிக்கை வைப்பது போலத்தான் கேட்பார்.

மறுவாசிப்பு

உங்கள் பெரியப்பாவுக்கு முன்னால் என் வாதம் நிற்காது. அந்த நாவலை மீண்டும் ஒருமுறை இந்தக் கோணத்திலிருந்து படிக்கிறேன். ஆயினும், மேடைப் பேச்சு வீட்டுப் பேச்சாக மாறும் வேடிக்கையை ஆசிரியர் வேடிக்கையாகவே காட்டியிருந்தால் எனக்கு இந்தக் குறை தோன்றியிருக்காது.

சங்கம் என்ற பேச்சு வந்துவிட்டதால் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் வெளிவந்து, 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள்தான் களம். வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரையும் சதையையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டு எடுக்கும் வேலையைச் செய்தவர்கள் அனைவரும் ஒடுக்கப்பட்ட சாதியினர். சுண்ணாம்பு தோலின் மயிரை மட்டும் எடுப்பதில்லை. குழியில் நிற்பவரின் கைகால்களையும் அரித்துவிடுகிறது. அந்த மக்கள் சங்கமாகச் சேர்ந்த வரலாற்றை, திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த ஆசிரியர் மிக விரிவாக எழுதியிருக்கிறார். பாத்திரங்கள் மிகுதி, யார் எவருடைய மகன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

பழநூலகன்

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இந்த வரிசையில் இல்லாமல் இருக்கக் கூடாது. தலித் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், அந்த மக்களின் வீடுகளில் சோறு எடுத்தும் களத்துமேட்டில் தானியம் பெற்றும் வாழ்கிறாள். கூலி என்பது பணமாக இல்லாமல் உரிமையாகவும் கெஞ்சலாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் தொழில் அது. உடுத்தும் துணி மாறி, கையில் காசு புழங்கத் தொடங்கியதும் அவளைத் தேடி வருபவர்கள் குறைகிறார்கள். 1994இல் வெளிவந்தபோது தலித் விமர்சகர்கள் சிலர் இந்த நாவலைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே இருக்கும் மேல் கீழ் அடுக்கை இவ்வளவு வெளிப்படையாக எழுதலாமா என்பது அவர்களுடைய கேள்வியாக இருந்தது. அந்த விவாதத்தை அறிந்துகொண்டு படித்தால் நாவல் இன்னும் கனம் கூடும்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யையும் இதனோடு வைக்கலாம். கொங்கு நாட்டில் ஆண்டுக் கூலிக்குப் பண்ணையத்தில் விடப்பட்ட ஆடு மேய்க்கும் சிறுவர்களின் கதை. வேலையும் விளையாட்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதால், பல பக்கங்கள் மகிழ்ச்சியாகவே போகின்றன. ஓர் ஆடு காணாமற்போகும்போதுதான், இது விளையாட்டு அன்று என்பது அந்தச் சிறுவனோடு சேர்ந்து நமக்கும் உறைக்கிறது.

புது உறுப்பினர்

இந்த இழையை முழுவதும் படித்தேன். நான் நாவல்கள் படிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. பெரிய நாவல்களில் பாதியில் நின்றுவிடுகிறேன். மேலே சொல்லப்பட்டவற்றில் எதிலிருந்து தொடங்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். புத்தகம் வாங்கும் செலவையும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பொருநைக்கரையான்

புது உறுப்பினருக்கு நல்வரவு. ‘கடல்புரத்தில்’ நூலிலிருந்து தொடங்குங்கள். அளவில் சிறியது, மொழி எளியது. அது பிடித்திருந்தால் உடனே ‘ஆழி சூழ் உலகு’க்குப் போகாமல், நடுவில் ‘கூளமாதாரி’யையோ ‘கரைந்த நிழல்கள்’ நாவலையோ படியுங்கள். ‘தோல்’, ‘மணல் கடிகை’ இரண்டும் நீண்ட விடுமுறைக்கு உரியவை.

செலவைப் பொறுத்தவரை, ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் ‘கரிப்பு மணிகள்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவற்றுக்கு உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். சென்னையில் இருந்தால் கன்னிமாராவிலும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பெரும்பாலானவை இருக்கும். மதுரைக்காரர் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

நான் இதுவரை படித்திராத ‘நெடுஞ்சாலை’யையும் ‘வாடைக்காற்’றையும் அடுத்து எடுக்கவிருக்கிறேன். செவிலியர், லாரி ஓட்டுநர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரைப் பற்றி நல்ல நாவல்கள் தெரிந்தவர்கள் தொடர்ந்து எழுதுங்கள். சிறுகதைகளைச் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்கலாம் என்று பழநூலகன் ஐயா தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார், அதை அவரே தொடங்கி வைப்பார்.

நூற்கண்டு

கட்டடத் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், ஜெயமோகனின் ‘காடு’ நாவலில் மலைக்காட்டுக்குள் கல்வெர்ட்டு கட்டும் ஒப்பந்த வேலை பின்புலமாக வருகிறது. பழநூலகன் ஐயாவின் அளவுகோலை வைத்தால் அது தேறாது என்று எனக்கே தெரியும். அந்த வேலையை எடுத்துவிட்டு மரம் வெட்டும் வேலையை வைத்தாலும் கதை நடக்கும். அதே ஆசிரியரின் ‘ஏழாம் உலகம்’ தேறும். உடற்குறை உள்ளவர்களை உருப்படிகளாக வைத்துப் பிச்சையெடுக்க விட்டுப் பணம் பார்க்கும் பண்டாரத்துக்கு, கொள்முதல், பராமரிப்பு, இடமாற்றம், விற்பனை என்று ஒரு வியாபாரிக்கு உரிய எல்லாக் கவலைகளும் இருக்கின்றன; மகளின் கல்யாணச் செலவுக் கவலையும் இருக்கிறது. மனத்திடம் உள்ளவர்கள் மட்டும் படிக்கவும். புது உறுப்பினர் இதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.